அப்பா ஓடும் பழைய ரூட்

அன்புள்ள மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சுகமாக இருப்பீர்கள், இருக்க வேண்டும். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், அதை எழுதுவதற்குள் கை நின்றுவிட்டது. யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, பதறாதே. எனக்குத்தான் பயம். போனில் இதையெல்லாம் சொல்ல வழியில்லை, நீ கூப்பிட்டாலே அப்பா ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறார், நானும் நல்லாயிருக்கோம் நல்லாயிருக்கோம் என்று கிளிப்பிள்ளை மாதிரி சொல்லிவிட்டு வைத்துவிடுகிறேன். எதிர்வீட்டு நர்ஸ் லீவு முடிந்து உன் ஊருக்குத் திரும்புகிறாள், அவள் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

அடுத்த மாதம் நடக்கிற பெரிய ஓட்டப் பந்தயத்துக்கு உன் அப்பா பெயர் கொடுத்திருக்கிறார். இருபத்தொரு கிலோமீட்டராம். தெருமுனைக் கடையில் உப்பு வாங்கக்கூட ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பின மனுஷன். ஆயுசெல்லாம் பஸ் ஓட்டி, ரிடையர் ஆகி, நீ ஷூ வாங்கி அனுப்பினபோது வாக்கிங் போவார் என்று நீயும் நினைத்தாய், நானும் நினைத்தேன். அது ஓட்டத்தில் வந்து நிற்கிறது. மைதானத்தைச் சுற்றி ஓடினால் தலை சுற்றுகிறதாம், அதனால் தன் பழைய பஸ் ரூட்டிலேயே ஓடுகிறார். டிப்போவில் கிளம்பிக் கடைசி ஸ்டாப் வரை போய்த் திரும்பினால் பந்தய தூரம் கிட்டத்தட்ட வந்துவிடும் என்று கணக்கு. கூத்து என்னவென்றால் ஒவ்வொரு ஸ்டாப்பிலும் அவர் கால் தானாக நின்றுவிடுகிறது. நின்று, பின்னால் ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புகிறார். யார் ஏறணும் என்று கேட்டால் முறைக்கிறார்.

சிரித்துக்கொண்டே எழுதுகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. அவர் வாசல் கதவைச் சாத்தினதிலிருந்து திரும்பி வந்து திறக்கிறவரை எனக்கு உயிர் இல்லை. அவரோடு வேலை பார்த்த கண்டக்டர் இன்னும் அந்த ரூட்டில்தான் இருக்கிறார், அவரிடம் கெஞ்சிக் கேட்டு வைத்திருக்கிறேன். அண்ணி, அண்ணன் மார்க்கெட் தாண்டிட்டாரு, மூச்சு வாங்குது, ஆனா கை காட்டுறாரு என்று போன் போடுவார். அவர் கண்ணில் படாவிட்டால் எதிரில் வருகிற பஸ் டிரைவர் யாராவது சொல்லுவார்கள். அப்பாவுக்கு இந்த ஏற்பாடு தெரியும், தெரியாத மாதிரி இருக்கிறார். டாக்டரிடமும் இழுத்துக்கொண்டு போனேன். நெஞ்சில் ஒயர் ஒட்டி, மெஷினில் நடக்கவிட்டு, எல்லாம் பார்த்துவிட்டு மெதுவாக ஓடலாம், நெஞ்சு இறுக்கினால் உடனே நிற்கணும் என்றார். இறுக்கினால் இவர் வாயைத் திறக்கிற ஆளா? பல்வலியையே ஒரு வாரம் மறைத்தவர் ஆயிற்றே. தூங்கும்போது மூச்சு சீராக வருகிறதா என்று மூக்குக்குக் கிட்டே கை வைத்துப் பார்க்கிறேன், எனக்கே என்னைப் பார்த்தால் அசிங்கமாக இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட் ஸ்டாப் வரை தகவல் வந்தது. அடுத்தது மரக்கடை ஸ்டாப். அங்கிருந்து ஒன்றும் வரவில்லை. கண்டக்டரைக் கூப்பிட்டால், காணோமே அண்ணி, நான் ஜன்னல் ஜன்னலா பாத்துக்கிட்டுத்தானே வர்றேன் என்கிறார். எதிரில் வந்த டிரைவரும் பார்க்கவில்லை. இரண்டு ஸ்டாப்புக்கு நடுவில் ஒரு ஆள் எங்கே போவான்? அடுப்பை அணைத்தேனா என்றுகூட ஞாபகமில்லை, வீட்டுச் செருப்போடு ஓடினேன். ஆட்டோ பிடிக்கலாம் என்பதே தோன்றவில்லை. பஸ்ஸில் போனாலே எப்போது வரும் என்று அலுத்துக்கொள்கிற தூரம், ஓடியே போனேன். வழியெல்லாம் உனக்கு எப்படிச் சொல்லுவது, எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது, நீ டிக்கெட் கிடைத்து வந்து சேருவதற்குள் என்றெல்லாம் மனசில் ஓடிற்று. அதற்கு மேல் எழுத எனக்குத் தைரியமில்லை.

மரக்கடைக்குப் பின்பக்கம் அடுக்கி வைத்திருந்த பலகை மேல் உட்கார்ந்திருந்தார். கழற்றிப் போட்ட ஷூ இரண்டும் கீழே கிடக்கிறது. என்னைப் பார்த்ததும் திருட்டு முழி முழித்துக்கொண்டு காலை உள்ளே இழுத்துக்கொண்டார். பிடித்து வெளியே இழுத்தால், கட்டைவிரல் நகம் இரண்டும் கன்னங்கரேல் என்று இருக்கிறது, சாக்ஸில் ரத்தம். நீ சைஸ் கேட்டபோது பஸ் ஓட்டும்போது போட்ட ஷூவின் சைஸைச் சொல்லியிருக்கிறார். உட்கார்ந்திருக்கிறவனுக்கு அது சரி. ஓடினால் கால் வீங்குமாமே, விரல் போய் முட்டி முட்டி நகம் செத்துப்போயிருக்கிறது. ஏன் சொல்லவில்லை என்றால், புள்ள ஆசையா அனுப்பினது, சின்னதுன்னு சொன்னா அவ மனசு என்ன பாடுபடும் என்கிறார். பஸ்காரர்கள் பார்த்து என்னிடம் சொல்லி, நான் உன்னிடம் சொல்லிவிடுவேனாம், அதற்காகத்தான் ஒளிந்து உட்கார்ந்தாராம்.

நான் அந்தப் பலகையிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன். கடைக்காரர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். ஓட்டமும் வேண்டாம் பந்தயமும் வேண்டாம், பேசாம வீட்ல இருங்க என்று கத்தினேன். அவர் சண்டைக்கு வரவில்லை. உன் கல்யாணத்துக்கு வேன் ஓட்டின டிரைவர் மாமா போன வருஷம் போய்ச் சேர்ந்தாரே, அவரைச் சொன்னார். ரிடையர் ஆகி டிவி முன்னால உக்காந்தவன் எந்திரிக்கவே இல்ல, நானும் அவனும் ஒண்ணா வேலைக்குச் சேர்ந்தவங்க, உனக்கு நான் ஓடுனா பயம், எனக்கு உக்காந்தா பயம் என்றார். உன் அப்பாவுக்கும் பயம் இருக்கும் என்று இத்தனை வருஷத்தில் எனக்குத் தோன்றியதே இல்லை. அதைக் கேட்டபிறகு எனக்கு இரட்டிப்புப் பயமாகிவிட்டது.

ஓடாதீங்கப்பா என்று நீ கண்டிப்பாகச் சொல், நீ சொன்னால் கேட்பார் என்று கேட்கத்தான் இந்தக் கடிதத்தை ஆரம்பித்தேன். இவ்வளவு தூரம் எழுதிவிட்டு அதைக் கேட்க எனக்கு மனசு வரவில்லை. நீ ஒன்றும் சொல்ல வேண்டாம். இந்த வாரம் விரலில் கட்டுப் போட்டு நடக்கத்தான் நடந்தார், இன்று மறுபடியும் அதே ஷூவை மாட்டிக்கொண்டு ஓடப் போயிருக்கிறார். முன்பக்கத்தை வெட்டிவிடுங்கள் என்றேன், புள்ள வாங்கிக் கொடுத்ததை யாராவது வெட்டுவாங்களா என்று கேட்கிறார்.

நீயும் கம்ப்யூட்டர் முன்னால் நாள் பூராவும் உட்கார்ந்தே கிடக்காதே, நடுநடுவே எழுந்து நட. இப்போது யார் உட்கார்ந்திருந்தாலும் எனக்குப் பகீரென்கிறது. மாப்பிள்ளையிடமும் சொல். குட்டிக்கு என் முத்தம். நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல், நான் இப்படிப் பயந்து எழுதுகிற நிலை உனக்கு ஒருநாளும் வராமல், நிறைவாக இருக்க வேண்டும்.

மறந்துவிடாதே, ஷூ ஒரு சைஸ் பெரியதாக வாங்கிச் சீக்கிரம் அனுப்பு. நான் சொன்னேன் என்று மூச்சு விடாதே, கடையில் ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம், இந்த சைஸ்தான் மிச்சம் இருந்தது என்று சொல்லிவிடு.

இப்படிக்கு,
போன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்
உன் அம்மா

மரக்கடை ஸ்டாப் தாண்டிவிட்டாராம், இப்போதுதான் கண்டக்டர் சொன்னார். நின்று, பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் போனாராம். இனி கவரை ஒட்டுகிறேன்.