செமிசியின் பங்கு

லியோனே, துத்துயிலா
ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து

அன்பு மகன் நிகோவுக்கு அப்பா எழுதுவது.

கர்த்தரின் தயவால் நானும் உன் அம்மாவும் உயிரோடும் வேலையோடும் இருக்கிறோம். நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் இரண்டு வேளையும் எங்கள் ஜெபம்.

போனை விட்டுவிட்டு அப்பா ஏன் காகிதத்தைப் பிடித்தார் என்று நினைப்பாய். போனில் உன் மச்சான் செமிசியின் பேரை எடுத்தாலே உனக்குச் சரியாகக் கேட்காமல் போய்விடுகிறது. போதகரின் மகள் உன் கல்லூரி இருக்கிற ஊருக்குப் படிக்க வருகிறாள். அங்கே நம் ஆட்கள் சபை ஒன்று இருக்கிறதாம். நீ அங்கே போகிறாயோ இல்லையோ, உன்னைத் தெரிந்தவர் யாராவது வருவார்கள் என்று அவளிடம் கொடுத்து அனுப்புகிறேன். விடுதி முகவரியை எழுதவில்லை. நீ அங்கே இல்லை என்று எனக்குத் தெரியும்.

ஈஸ்டருக்குப் பிறகு உன் கல்லூரிக் கால்பந்துக் கோச் எனக்குப் போன் செய்தார். உன் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை என்றும், உன் இடத்துக்கு வேறு கல்லூரியிலிருந்து ஆடிப் பழகிய ஒருவனைப் பணம் கொடுத்துக் கொண்டுவந்துவிட்டார்கள் என்றும் சொன்னார். நீ விட்டுப்போன சாமான்களை எந்த முகவரிக்கு அனுப்புவது என்றும் கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். வீட்டுக்கே அனுப்பிவிடுங்கள் என்றேன். இன்னும் வரவில்லை.

இதை உன் அம்மாவிடம் நான் சொல்லவில்லை. நீ போன வாரம் அவளிடம் பயிற்சி கடுமையாக இருக்கிறது, முழங்கால் வலிக்கிறது என்றாய். அவள் மீன் ஆலையில் எல்லோரிடமும் அதைச் சொல்லி, உன் முழங்காலுக்காக ஜெபிக்கச் சொல்லியிருக்கிறாள்.

அவளுக்குக் கைவிரல் வீக்கம் அப்படியேதான் இருக்கிறது. நான் ஓட்டும் நம் பஸ்ஸுக்குப் புதுப் பலகை அடித்தேன், மழை உள்ளே வருவதில்லை. மற்றபடி ஊர்ச் செய்தி என்றால், இந்த வருடம் ஆள் எடுக்க ஒரு கோச்கூட வரவில்லை. ஹொனலூலு விமானம் வரும் நாளெல்லாம் பள்ளிக்கூடத்துப் பையன்கள் தலைக்கவசம் மாட்டிக்கொண்டு மைதானத்தில் காத்து நின்றார்கள். காசு கொடுத்தால் தயாராக ஆள் கிடைக்கிறபோது, பச்சைப் பையனைத் தேடிக் கடல் தாண்ட அவர்களுக்கு என்ன தேவை? அந்தக் கரையில், ஆப்பியா பக்கம் பிறந்து விசா வாங்க வேண்டிய பையன்களோ பயிற்சிக்கே வருவதில்லை. போன வாரம் என் பஸ்ஸில் ஒரு கர்ப்பிணி ஏறினாள். பின் சீட்டிலிருந்து ஒருத்தி, "பெத்துக்கறதுன்னா இந்தக் கரையிலேயே பெத்துக்கோடி, அந்தக் கரையில பெத்தா புள்ள ஓசியிலதான் ஓடணும்" என்றாள். பஸ்ஸே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த கோச் நம் வீட்டுக்கு வந்த நாள் உனக்கு மறந்திருக்காது. எனக்கும் மறக்கவில்லை. முன்பெல்லாம் வருகிறவர்கள் பையனின் பாதத்தைப் பார்ப்பார்கள், அம்மாவின் உயரத்தைப் பார்ப்பார்கள், பிறகு சாப்பிட உட்காருவார்கள். இவர் உட்காருவதற்கு முன்பே செமிசியைக் காட்டி, இவன் எங்கே பிறந்தவன் என்று கேட்டார். அந்தக் கரையில், ஆப்பியாவில், என் தங்கை மகன், ஆறு வயதிலிருந்து இங்கேதான் வளர்கிறான் என்றேன். அவரும், அணிக்குப் பணம் போட என்று கூட வந்த பணக்கார மனிதரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இப்போது சட்டம் மாறிவிட்டது, கல்லூரிப் பிள்ளைகள் தங்கள் பேருக்கும் முகத்துக்கும் விளம்பரப் பணம் வாங்கலாம், ஆனால் மாணவர் விசாவில் வருகிறவன் வாங்கினால் விசா போய்விடும் என்று அவர்தான் விளக்கினார். பிறகு இரண்டு பேரும் வெளியே போய்க் காருக்குள் உட்கார்ந்து பேசினார்கள். திரும்பி வந்தபோது அவர்கள் கண் உன் மேல் இருந்தது. அதுவரை நீ அவர்களுக்குத் தட்டு எடுத்து வைத்துக்கொண்டிருந்தாய்.

அவர்கள் சொன்னது நமக்கெல்லாம் புரிந்தது. வேண்டியது செமிசி. அவனுக்குப் படிப்பும் சாப்பாடும் தவிர வேறு எதுவும் தர முடியாது. வேறு கல்லூரிக்காரன் அவனைக் கூட்டிக்கொண்டு போய்விடக் கூடாது. இந்தக் கரையில் பிறந்ததால் விசா தேவையில்லாத உனக்கும் ஓர் அணிச் சட்டை தந்து, இரண்டு பேருக்கும் சேர்த்து உன் பேரில் விளம்பர ஒப்பந்தம் போட்டுவிட்டால், குடும்பத்துக்குள் யார் யாருக்கு என்ன தருகிறீர்கள் என்று அவர்கள் கேட்கப் போவதில்லை. நான் யோசித்துக்கொண்டு நின்றேன். நீதான் எழுந்து அவன் தோளில் கை போட்டாய்.

"என் பேருல வந்தா என்ன, அவன் பேருல வந்தா என்னப்பா? பாதி மச்சானோடது."

செமிசி சிரித்தான். தரவில்லையென்றால் தூங்கும்போது உன் மூக்கைக் கடித்துவிடுவேன் என்றான். கோச்சும் சிரித்தார். சாப்பிட்டோம்.

முதல் வருடம் அவன் தொலைக்காட்சியில் ஓடினான், இங்கே பஸ்ஸெல்லாம் ஹார்ன் அடித்தது. நீ ஓரத்தில் பெஞ்சில் இருந்தாய். பெஞ்சில் உட்கார்ந்தவனுக்குச் சம்பளம், ஓடினவனுக்குச் சாப்பாடு என்று ஒருவன் என் பஸ்ஸில் சொன்னான். நடுவழியில் நிறுத்தி அவனை இறக்கிவிட்டேன். என் மகன்மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

அந்த வருடம்தான் செமிசியைப் பெற்ற ரூதா அத்தைக்குச் சிறுநீரகம் பழுதானது. வாரம் மூன்று தடவை அவள் தன் ஊரான அலெய்பாத்தாவிலிருந்து ஆப்பியா ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். வண்டிக்கூலிக்கு அவள் பன்றிகளை ஒவ்வொன்றாக விற்றாள். செமிசி தன் பங்கைக் கேட்டிருக்கிறான். அடுத்த மாதம் என்றாயாம். அடுத்த மாதமும் அடுத்த மாதம் என்றாயாம். இதை ரூதா சொல்லவில்லை. அவள் உன்னைப் பற்றி ஒரு குறையும் வாயில் எடுக்கவில்லை. செமிசியின் வாயிலிருந்து பிடுங்கித்தான் தெரிந்துகொண்டேன்.

பிறகு வண்டி விற்கிற ஒரு கடைக்காரரிடம் அவனை நீயே கூட்டிக்கொண்டு போனாய். பிக்கப் வண்டி மேல் கை வைத்து நின்று அவன் விளம்பரத்துக்கு இரண்டு வார்த்தை பேசினான், கடைக்காரர் பணம் கொடுத்தார். அந்த வாரமே படம் எல்லோர் போனிலும் ஓடியது. வெளிநாட்டு மாணவர் அலுவலகம் அவனைக் கூப்பிட்டது. கல்லூரி தன் பேரைக் காப்பாற்றிக்கொள்ள அவன் விசாவை முடித்து அனுப்பிவிட்டது. விமான நிலையத்துக்குக் கோச் வரவில்லை. நீயும் வரவில்லையாம்.

நம் வீட்டில் இறங்கிவிட்டுப் போவான் என்று உன் அம்மா கோழி அடித்து வைத்திருந்தாள். அவன் நேராக அந்தக் கரைக்கே போய்விட்டான்.

போன மாதம் நான் கப்பலேறி ரூதா வீட்டுக்குப் போனேன். உன் அம்மா தன் கல்யாணத்துக்குக் கொண்டுவந்த மெல்லிய பாயை எடுத்துக் கொடுத்தாள், ஒன்றும் கேட்கவில்லை. நம் குடும்பத் தலைவர் ஃபோனோதி தடுத்துப் பார்த்தார். கொலைக்கும் ரத்தத்துக்கும்தான் அப்படிப் பாய் போர்த்தி மன்னிப்புக் கேட்பார்கள், அண்ணன் தங்கை வாசலில் உட்கார்ந்ததாகக் கேள்விப்பட்டதில்லை என்றார். இதுவும் ரத்தம்தான் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

விடிகிற நேரத்தில் ரூதா வீட்டு முன்னால் உட்கார்ந்து பாயைத் தலைமேல் போர்த்திக்கொண்டேன். உள்ளே ஆள் நடமாடுகிற சத்தம் கேட்டது. யாரும் வெளியே வரவில்லை. வெயில் ஏறியது. பாய்க்கு உள்ளே மூச்சு முட்டியது. சாலையில் போன பிள்ளைகள் நின்று பார்த்தார்கள், யாரோ அவர்களை அதட்டி விரட்டினார்கள். அன்று அவள் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நாள், அவளை ஏற்றிப்போக வந்த வண்டியும் காத்து நின்றது. கடைசியில் ரூதாதான் வந்தாள். நடை தள்ளாடுவது காலடிச் சத்தத்திலேயே தெரிந்தது. பாயைத் தூக்கினாள். அவளை அடையாளம் தெரியவில்லை எனக்கு, முகம் அவ்வளவு ஊதியிருந்தது.

"எந்திரிண்ணா. உன்மேல எனக்கு எந்தக் கோபமும் இல்ல. ஆனா இந்தப் பாய்க்கு அடியில இருக்க வேண்டிய தலை உன்னுது இல்ல."

அதைச் சொல்லிவிட்டு அவள் பாயை ஏற்றுக்கொள்ளாமல் மடித்து என் மடியிலேயே வைத்தாள். பிறகு வண்டியேறிப் போய்விட்டாள்.

செமிசி சேப்பங்கிழங்குத் தோட்டத்தில் கூலிக்குப் போகிறான். உடம்பு பாதியாகிவிட்டது. தெருப் பிள்ளைகள் பந்தோடு வந்தால் உள்ளே போய்விடுகிறான். நான் திரும்பும்போது பஸ் வரும் இடம் வரை என் பையைத் தூக்கிக்கொண்டு வந்தான். பஸ் வந்து நின்ற பிறகுதான் பேசினான்.

"பங்கு தராதது போகட்டும் மாமா. அந்தக் கடை வாசல்ல நான் பயந்தேன். ஒண்ணும் ஆகாது, நில்லுடான்னு என் முகத்தப் பாத்துச் சொன்னான். விசா விதியெல்லாம் சொல்லிக்குடுத்த அன்னிக்கு அவனும் என் பக்கத்துலதான் உக்காந்திருந்தான்."

பையை அவனிடமிருந்து வாங்கிக்கொண்டேன். பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

மகனே, உனக்குத் தெரிந்துதான் சொன்னாயா என்று நான் கேட்கப் போவதில்லை. அந்தக் கேள்வி செமிசியினுடையது. பெஞ்சில் உட்கார்ந்திருப்பது எவ்வளவு கசப்பு என்று எனக்குத் தெரியாது, நான் எந்தப் பெஞ்சிலும் உட்கார்ந்ததில்லை. உன்னையும் அவர்கள் உனக்காகக் கூட்டிக்கொண்டு போகவில்லை. அது உன் குற்றம் இல்லை. அதற்குப் பிறகு நடந்ததைத்தான் சொல்கிறேன்.

பணம் சேரட்டும், பிறகு வரலாம் என்று காத்திருக்காதே. பணம் கொண்டுவராதே. ரூதா மழைக்காலம் தாண்டுவாளா என்று ஆஸ்பத்திரியில் யாரும் உறுதி சொல்லவில்லை. நீ வந்தால் வீட்டில் இருக்க மாட்டேன் என்று செமிசி அவளிடம் சொல்லியிருக்கிறான். அப்படியும் வா. அவன் இல்லாத வீட்டு வாசலிலாவது வந்து உட்கார். உன் அம்மாவிடம் நீயே உன் வாயால் சொல், அவள் இன்னும் உன் முழங்காலுக்கு ஜெபித்துக்கொண்டிருக்கிறாள்.

விமானம் எந்த நாளில் வந்தாலும் பஸ்ஸை நிறுத்திவிட்டு வந்து நிற்பேன். அங்கிருந்து நேராகக் கப்பலுக்குப் போவோம். நீ பாய் போர்த்தி உட்கார்ந்தால் உன் பக்கத்தில் நானும் உட்காருவேன். உன்னை ஒருவரும் எழுப்பாமல் பொழுது சாய்ந்தாலும் நான் எழுந்து போக மாட்டேன்.

கர்த்தர் உன்னைக் கைவிடாமல் காக்கட்டும்.

உன் அப்பா,
ஏதி