கறையோடு இருக்கட்டும் கை

என் செல்ல அம்மாவுக்கு, இப்படி ஒரு கோபக்காரியைப் பெற்றுப்போட்டுவிட்டு அவளைச் சமாளிக்கும் வேலையை ஊருக்கு விட்டுப் போனவளுக்கு,

முதலில் கெட்ட செய்தியைச் சொல்லிவிடுகிறேன். என்னை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். பதுளை டவுனில் கலியாணப் பெண்களுக்கு அலங்காரம் செய்கிற அந்த சலூன்தான். "எம்மக டவுன்ல வேல பாக்குறா" என்று மலையெல்லாம் சொல்லித் திரிந்தாயே, அதே இடம். "உன் வாயாலதான் நீ கெட்ட" என்பாய். ஆமாம், வாயால்தான். ஆனால் இந்தத் தடவை வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் என் மூஞ்சியை நானே கண்ணாடியில் பார்த்திருக்க முடியாது. முழுக்கக் கேட்டுவிட்டுப் பிறகு திட்டு.

நம் தேயிலைத் தோட்டத்துக் கீழ் டிவிசன் பாக்கியம் சித்தியை மறந்திருக்க மாட்டாய். உனக்குப் பக்கத்து நிரையில் நின்று கொழுந்து பறித்துக்கொண்டே ஊர்க்கதை பேசுவாரே, அவர்தான். அவருடைய மகள் சுகந்திக்குக் கலியாணம் முடிவானது. மாப்பிள்ளை வீடு டவுனில், துணிக்கடை வைத்திருக்கிறார்கள். மாப்பிள்ளையின் அக்காதான் சுகந்தியையும் சித்தியையும் சலூனுக்குக் கூட்டி வந்தார்.

சுகந்தியின் முகத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தேன். அது நம் தோல், அம்மா. நீயும் நானும் பட்ட அதே பாடு. இரண்டு கன்னமும் செதில் செதிலாக உரிந்து, மூக்கோரம் சிவந்துபோய் இருந்தது. நமுனுகுல மலைக் காற்று அடிக்கிற மாதங்களில் சிரித்தால்கூட நமக்கு உதட்டோரம் வெடிக்குமே. பள்ளிக்கூடத்தில் என்னைப் பல்லி என்று கூப்பிட்டதற்காக நீ லயம் லயமாக, வீடு வீடாகப் போய்ச் சண்டை பிடித்தது எல்லாம் ஒரே நொடியில் ஞாபகத்துக்கு வந்தது.

மாப்பிள்ளையின் அக்கா சுகந்தியின் தாடையைப் பிடித்து, சந்தையில் கத்தரிக்காயைத் திருப்பிப் பார்ப்பதுபோல் திருப்பிக் காட்டினார்.

"இந்தச் சொறி எல்லாம் போகணும். கலரும் கொஞ்சம் கூடணும். ரெண்டு கிழமைதான் இருக்கு. முடியுமா?"

"ஏன் முடியாது?" என்றார் சலூனை நடத்துகிற மேடம். உள்ளே போய் ஒரு சின்ன வெள்ளை டப்பாவோடு வந்தார். அதில் பெயர் இல்லை, செய்த இடம் இல்லை, உள்ளே என்ன இருக்கிறது என்று ஓர் எழுத்தும் இல்லை. அந்த டப்பாவை எனக்கு நன்றாகத் தெரியும். அதைப் பூசிக்கொண்ட இரண்டு பெண்களைப் பிறகு பார்த்தவள் நான். முதல் கிழமை ஏழு நாளும் முகம் பளபளவென்று இருந்தது. நிறுத்தியதும் வெயில் பட்டாலே எரிகிறது என்று அழுதுகொண்டு வந்து நின்றார்கள்.

"மஞ்சு, புள்ளைக்குப் போட்டு விடு."

"நான் போட மாட்டேன் மேடம்."

"கஸ்டமர் கேக்குறாங்க. உனக்கென்ன வந்துச்சு?"

"இது என்னா கிரீம்னு உங்களுக்கே தெரியாது. தெரிஞ்சா பேரச் சொல்லுங்க, பூசுறேன்."

அவ்வளவுதான் கேட்டேன். அதில் என்ன தப்பு? மேடத்தின் முகம் சிவந்துவிட்டது. நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். "சரிங்க" என்று ஏப்ரனைக் கழற்றி, மடித்து, நாற்காலியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். அப்பாவிடம் என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தேன். அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சோறு தின்னியா?" என்றார். உன் புருஷன் மாறவே இல்லை.

மறுநாள் வேலை முடிந்த கையோடு பாக்கியம் சித்தி மகளை இழுத்துக்கொண்டு நம் லயத்துக்கே வந்துவிட்டார். கூடைக் கயிறு அழுத்திய தடம்கூட நெற்றியில் மறையவில்லை.

"போட மாட்டேன்னு பெருசா சொல்லிப்புட்டு வந்துட்ட. அப்ப நீயே ஒரு வழி சொல்லு புள்ள. வர்றவங்க எம்மகளப் பாத்து மூஞ்சச் சுளிக்கக் கூடாது."

நியாயமான கேள்விதானே? வேண்டாம் என்று சொல்லிவிடுவது லேசு. பிறகு என்ன செய்வது என்பதுதான் பாடு.

எனக்குத் தெரிந்தது எல்லாம் என் தோலில் பட்டுத் தெரிந்துகொண்டது. மிச்சம், ஆஸ்பத்திரி கிளினிக்கில் இருந்த யாழ்ப்பாணத்து டொக்டர் அம்மா சொன்னது. நீ கண்ணை மூடிய பிறகு என் கழுத்து முழுக்க வெடித்துவிட்டது. மஞ்சள், வெங்காயச் சாறு, இஞ்சிச் சாறு என்று அடுப்படியில் கையில் கிடைத்ததையெல்லாம் பூசிக்கொண்டு, இன்னும் மோசமாக்கிக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றேன். அவர் தலையில் அடித்துக்கொள்ளாத குறை.

"ஏன் பிள்ளை இவ்வளவத்தையும் பூசினனீங்கள்?"

"எல்லாம் இயற்கைதானே டொக்டர்."

"பட்டாலே அரிக்கிற காஞ்சோண்டியும் இயற்கைதானே. அதையும் பறிச்சுப் பூசுவீங்களோ?"

வெட்கமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் வந்தது. நீ இருந்திருந்தால் இதைச் சொல்லிச் சொல்லியே என்னைக் கொன்றிருப்பாய்.

அதனால் சுகந்தியைப் பூச்சுகளால் மூடவில்லை. முதலில் நிறுத்த வேண்டியதை நிறுத்தினேன். சவர்க்காரம் முகத்தில் படக் கூடாது. இந்தக் குளிருக்கு நாம் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றிக்கொள்கிறோமே, அது கூடவே கூடாது, வெதுவெதுப்பு போதும். பாசிப்பயற்றை நைசாக அரைத்து, துணியில் சலித்து, தண்ணீரில் குழைத்துத் தடவிக் கழுவச் சொன்னேன், தேய்க்கக் கூடாது. துடைத்த பிறகு ஈரம் முழுதும் காய்வதற்குள் நல்ல தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டு. நீ எப்போதும் காய்ந்து வறண்ட பிறகு எண்ணெய் தேடுவாய். அந்த ஈரத்தைத் தப்பவிடாமல் பிடித்துவைக்கத்தான் எண்ணெய் என்று அப்போது எனக்கும் தெரியாது, அம்மா.

சாயங்காலத்தில் நம் வீட்டு முன்னால் இஸ்தோப்பு பெஞ்சில் அவளை உட்கார வைத்து, ஆறிய கஞ்சித் தண்ணீரில் துணியை நனைத்துக் கன்னத்தில் போட்டேன். வெறும் சோற்றுக் கஞ்சிதான், உப்புப் போடாதது. கற்றாழையும் வெட்டினேன். முகத்தில் வைக்காமல் முதலில் முழங்கை மடிப்பில் தடவிப் பார்த்தேன். காலையில் அந்த இடம் தடித்து அரித்தது. எனக்கு நன்றாகக் கேட்ட கற்றாழை அவளுக்குக் கேட்கவில்லை, தூக்கி எறிந்துவிட்டோம். வெடித்து நீர் வடிந்தால் என்னிடம் வராதே, நேரே கிளினிக்குக்குப் போ என்றும் கண்டிப்பாகச் சொல்லிவைத்தேன்.

பத்து நாளில் செதில் அடங்கியது. நிறம் மாறவில்லை. அதை மாற்ற நான் தொடவும் இல்லை. அவளுடைய கறுப்புக் கன்னம் அதன் பாட்டில் மினுமினுத்தது. கன்னத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு, "அக்கா, எரியலக்கா" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. சலூனில் எத்தனையோ பேர் எத்தனையோ விதமாகப் பாராட்டியிருக்கிறார்கள், இப்படி ஒரு சொல்லை ஒருத்தியும் சொன்னதில்லை.

நலுங்கு அன்றைக்கு ஒரு சண்டை. பெரியம்மாக்கள் எல்லாம் கிண்ணம் நிறைய மஞ்சளோடு அவள் முகத்தைக் குறிவைத்து வந்தார்கள். நான் நடுவில் போய் நின்றேன்.

"கால்ல வைங்க. மூஞ்சில வேணாம், அவளுக்கு எரியும்."

"மஞ்ச பூசாத கலியாணப் பொண்ணு எங்கடி இருக்கா?"

"இந்தா இருக்காளே, நல்லாப் பாத்துக்கிங்க" என்றேன். அதில் இரண்டு பேர் இன்னும் என்னோடு பேசுவதில்லை. பேச வேண்டாம்.

இனிமேல் சொல்லப்போவதுதான் இந்தக் கடிதத்தை எழுத வைத்தது.

அன்றைக்கு மத்தியானம் தண்ணீர் பிடிக்க லயத்துக்குப் பின்னால் மலைத் தண்ணீர் விழுகிற பீலிக்குப் போனேன். பாக்கியம் சித்தி அங்கே குந்திக்கொண்டு இருந்தார். பக்கத்தில் சாறு வடிய வெட்டிய புளித் தேசிக்காய், ஒரு பிடி உப்பு, ஒரு சொரசொரப்பான கல். தேயிலைக் கொழுந்துச் சாறு காய்ந்து கறுத்த விரல்களை வைத்துத் தேய் தேய் என்று தேய்த்துக்கொண்டிருந்தார். நல்ல காரியம் என்றால் நம் லயத்துப் பெண்கள் முதல்நாள் செய்கிற அதே வேலை. வெடிப்புகளில் ரத்தம் எட்டிப்பார்த்தது.

"என்னா சித்தி செய்றீங்க?"

"நாளைக்குத் தார வார்க்கணும்ல. மாப்பிள கையில பொண்ணு கைய வச்சு நாந்தான் தண்ணி ஊத்தணும். வீடியோவுல என் கைதான் தெரியுமாம். கறையப் போக்கிருன்னு சுகந்தி சொல்லுச்சு."

தேசிக்காயைப் பிடுங்கித் தேயிலைச் செடிக்குள் எறிந்தேன். அவர் கையைக் கழுவி, எண்ணெய் தடவி, துணியால் சுற்றிவிட்டுச் சுகந்தியிடம் போனேன். அவளை நன்றாக நாலு வார்த்தை கேட்கத்தான் போனேன், அம்மா. வாயைத் திறந்தால் வேறு வந்தது.

"நானும் எங்கம்மாகிட்ட இதத்தான் சொன்னேன்" என்றேன்.

என் பள்ளிக்கூடத்துப் பரிசளிப்பு விழாவைச் சொன்னேன். பெற்றவர்களை மேடைக்குக் கூப்பிட்டுப் பதக்கம் போடச் சொல்வார்கள், கறைக் கையோடு வந்துவிடாதே என்று உன்னிடம் நான் சொன்னதைச் சொன்னேன். நீ முதல்நாள் முழுக்கத் தேய்த்தாய். விரல் வெளுக்கவில்லை, பிளந்தது. மேடையில் நீ எனக்குப் பதக்கம் போட்டபோது என் வெள்ளைச் சீருடைக் காலரில் ஒரு பொட்டு ரத்தம் பட்டது. அத்தனை பேர் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். நான் உன்னை முறைத்தேன். மறுநாள் நீ விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு விடியக்காலையில் வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக்குப் போனாய். இதை இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. நீயும் சொன்னதில்லை, ஏன் அம்மா? ஒரு தடவையாவது என்னை அறைந்திருக்கலாமே.

சுகந்தி தலையைக் குனிந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கலியாணத்துக்கு முதல்நாள் பிள்ளையை அழ வைத்துவிட்டோமே என்று என்னை நானே திட்டிக்கொண்டு வந்தேன்.

மறுநாள் தோட்டத்து மாரியம்மன் கோயில் மண்டபத்தில் கலியாணம். நான்தான் அலங்காரம் செய்தேன். தாரை வார்க்க ஐயர் கூப்பிட்டதும் பாக்கியம் சித்தி சொம்பை எடுக்கக் குனிந்தார். மாப்பிள்ளையின் அக்கா அந்தக் கையைப் பார்த்தார்.

"சொம்ப உங்க தங்கச்சிகிட்ட குடுங்க. நீங்க கொஞ்சம் பின்னுக்கு நில்லுங்க."

சித்தி கையை முந்தானைக்குள் விட்டுக்கொண்டு உடனே பின்னால் நகர்ந்தார். அவர் அவ்வளவு சீக்கிரம் நகர்ந்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பின்னால் போய் நிற்க நமக்கு யாரும் சொல்லித்தரவே வேண்டியதில்லையா, அம்மா?

நான் வாயைத் திறப்பதற்குள் சுகந்தி நீட்டிய கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"எங்கம்மா ஊத்தட்டும். அப்பத்தான் கை நீட்டுவேன்."

"நேரம் போகுதும்மா" என்றார் ஐயர்.

"போகட்டும் சாமி."

மாப்பிள்ளை தன் அக்காவைப் பார்த்தார், பிறகு திரும்பி, "வாங்க அத்தை" என்றார். பாக்கியம் சித்தி வந்தார். சொம்பைத் தூக்கினார். கறுத்த விரல்களுக்கு மேல் வீடியோ லைட் முழுதாக விழுந்தது. தண்ணீர் இரண்டு கைகளிலும் வழிந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகிவிடவில்லை.

எனக்கு மட்டும் ஆனது. சீப்பும் கையுமாகத் தூணோரம் நின்று விம்மி விம்மி அழுதேன். அந்தப் பிள்ளை ஒரு நிமிஷத்தில் செய்ததை அன்றைக்கு மேடையில் நான் செய்திருக்க வேண்டும். உன் விரலைப் பிடித்துக்கொண்டு, இதுதான் எங்கம்மா என்று நின்றிருக்க வேண்டும். என்னை மன்னித்துவிடு, அம்மா. வெட்கப்பட வேண்டியது உன் கை இல்லை, என் கண்.

இனி எந்தச் சலூன் வாசலிலும் போய் நிற்க மாட்டேன். நம் லயத்து முன் அறை, அந்தக் காம்பராவிலேயே வேலையைத் தொடங்கிவிட்டேன், அடுத்த மாதத்துக்கு இரண்டு கலியாணப் பெண்கள் சொல்லியிருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரே ஒரு நிபந்தனை: தனியாக வரக் கூடாது, பெற்றவளைக் கூட்டி வர வேண்டும். முதலில் எண்ணெய் வைப்பது அந்த அம்மாவின் கைக்கு. மணப்பெண் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பிடிக்காதவர்கள் டவுனுக்குப் போகலாம், பஸ் இருக்கிறது. நான் உயிரோடு இருக்கும்வரை இது மாறாது, இது உன்மேல் சத்தியம்.

மேடையில் உன்னை முறைத்த,
இன்றைக்கு உன் பெயரைச் சொல்லிக்கொண்டே அந்தக் கைகளுக்கு எண்ணெய் வைக்கும்
உன் மகள்,
மஞ்சுளா