சோகைக்கு வைத்த தீ

கார்த்திகை 9, வியாழன். ட்ரியோலே, மொரீஷியஸ்.

காற்று திரும்பிவிட்டது, தீ வைக்க வேண்டாம் என்று இன்று வயலில் அப்பாவிடம் நான் சொல்லவில்லை. வெட்டி முடித்த எங்கள் வயலில் கரும்புச் சோகையை, உதிர்ந்த காய்ந்த இலைகளை, கொளுத்த நின்றிருந்தார். காற்று வீசும் பக்கம், வரப்புக்கு அப்பால், முனியன் மாமாவின் வெட்டாத கரும்பு. வெட்டுக்காரர்கள் முன்னால் மகள் திருத்தினால் அப்பாவுக்குத் தலைகுனிவு. அதனால், "அப்பா, காப்பி ஆறுது" என்று வீட்டுக்கு அழைத்துப் போய்ச் சொன்னேன்.

"புத்தகம் படிச்சா காத்துகூடப் புரியுமா?" என்று சிரித்தார். பிறகு, "சரிம்மா, சாயங்காலம் பாத்துக்கலாம்" என்றார். விவேகமாக நடந்துகொண்டேன் என்று ஒரு நொடி பெருமைப்பட்டேன்.

அதற்குள் வயலில் நின்ற அண்ணன், அப்பா சொன்ன வேலைதானே என்று தீக்குச்சியை உரசிவிட்டான். தீ வரப்பைத் தாண்டி மாமாவின் கரும்பில் பிடித்தது.

அப்பாவின் மானத்தைத்தான் காத்தேனா, ஆண்கள் நடுவே பேசப் பயந்தேனா என்று இப்போதும் தெரியவில்லை.

தீயை அடித்து அணைத்ததும் மாமா எங்களிடம், "கோவிச்சு என்ன ஆவப்போவுது? கருகின கரும்பு புளிக்கிறதுக்குள்ள ஆலைக்குப் போவணும். கத்திய எடுங்க" என்றார்.

பதினோரு வரிசை கருகியிருந்தது. அப்பா, அண்ணன், நான், எல்லாரும் இருட்டும்வரை அவர் கரும்பை வெட்டி எங்கள் வண்டியில் ஏற்றினோம்.