மஞ்சள் கோட்டுக்குள் கஞ்சிக் கிடாரம்

கட்டுகஸ்தோட்டை
நோன்பின் கடைசிப் பத்து

அன்பு மகன் ஸிபானுக்கு உம்மா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் மருமகள் ஷஹ்மாவும் பேத்தி மின்ஹாவும் வேலையும் நோன்புமாக அங்கே நல்ல சுகத்தோடு இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இங்கே நாங்களும் சுகம் என்று எழுத வேண்டிய இடத்தில் பேனா நிற்கிறது மகன், பொய் எழுத மனம் வரவில்லை. உனக்குக் கடிதம் எழுதுவது எப்போதும் வாப்பாவின் வேலை, இந்தத் தடவை என் கோணல் எழுத்தைக் கண்டதும் உனக்குப் பதறும், பதறாதே. அவருக்கு இரண்டு கையிலும் கட்டுப் போட்டிருக்கிறது. தேத்தண்ணி ஊற்றிக்கொண்டார் என்று நான் போனில் சொன்னது பொய், அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், வேறு என்ன சொல்ல. நம் கட்டடத்தில் நெருப்புப் பிடித்தது, அணைத்துவிட்டார்கள் என்பது மட்டும்தான் உனக்குத் தெரியும். மேல் மாடியில் தையல் கடை வைத்திருக்கும் பாயிஸா அந்தப் புகையில் அகப்பட்டு பெரியாஸ்பத்திரியில் கிடக்கிறாள். மூச்சு மெஷினில்தான் போகிறது, பிழைப்பாள் என்று டொக்டர்மார் இன்னும் வாய்விட்டுச் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளை இரண்டொரு நாளில் தோஹாவுக்குத் திரும்புகிறது, அதன் கையில் இதைக் கொடுத்தனுப்பலாம் என்று எழுதுகிறேன்.

முதலிலிருந்து சொன்னால்தான் உனக்கு விளங்கும். நோன்புக்கு இரண்டு வாரம் முன்னால், பராஅத் இரவு கழிந்த கையோடு தீயணைப்புப் படையிலிருந்து ஒரு சிங்கள அதிகாரி மாத்தயா கட்டடம் பார்க்க வந்தார். கீழே புடவைக் கடையும் அதன் ஸ்டோரும், நடுவில் டியூஷன் வகுப்பு, மேலே பாயிஸாவின் அறை, எல்லாவற்றையும் ஏறி இறங்கிப் பார்த்துவிட்டு பக்கத்து ஒழுங்கைச் சந்துக்கு வந்து, ரோட்டிலிருந்து பின்னால் இரும்புப் படி இறங்கும் இடம் வரை நாடா பிடித்து அளந்தார். எங்க வண்டி உள்ளுக்கு வரணும், ஏணி நிமித்தணும், இதில ஒரு கதிர சரி வைக்க ஏலாது, ரெண்டு பக்கமும் கோடு அடிச்சு போர்ட் போடுங்க, அப்பத்தான் சேட்டிபிகட் என்று அரைத் தமிழில் சொன்னார். வாப்பாவைத்தான் உனக்குத் தெரியுமே, என்ட காணியில நான் எங்க கோடு அடிக்கிறதெண்டு நீங்களா சொல்ற என்று முகத்தைத் தூக்கிக்கொண்டு நின்றார். அந்த நேரம் பார்த்து டியூஷன் விட்டு, பிள்ளைகள் அந்த ஒடுங்கின படியில் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு இறங்கி வந்தார்கள். மாத்தயா அவர்களைப் பார்த்தார், வாப்பாவும் பார்த்தார். மறுநாளே வாப்பா பெயின்ட்காரனைக் கூட்டிவந்து மஞ்சளில் இரண்டு ஓரமும் கோடு அடித்து, நடுவில் சாய்வாக வரிவரியாகப் போட்டு, தீயணைப்பு வண்டிப் பாதை, வாகனம் நிறுத்த வேண்டாம் என்று மூன்று மொழியிலும் சிவப்புப் பலகை மாட்டினார். பெயின்ட் காய்ந்த அன்றைக்கே மூன்று த்ரீவீலர்காரர்கள் கோட்டுக்குள் வரிசையாக, வடிவாகக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள், ஹாஜியார் எங்களுக்குப் பார்க் அடிச்சுத் தந்தீக்கிறார் என்று நினைத்துக்கொண்டார்களாம். வாப்பா போட்ட சத்தம் மஹாவலிப் பாலம் வரைக்கும் கேட்டிருக்கும். நான் உள்ளே நின்று சிரித்தேன். நோன்பு வரும் வரைக்கும் பிஸ்கட் லொறிக்காரனோடு சண்டை, மோட்டார் சைக்கிள்காரனோடு சண்டை, கடைசியில் ஒழுங்கை துடைத்துவிட்ட மாதிரி கிடந்தது.

ஆனால் நோன்பு மாதத்தில் அந்த ஒழுங்கை யாருடையது என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. வாப்பாவின் வாப்பா நிய்யத் வைத்து, நேர்ந்து கொடுத்த இடம், அன்றிலிருந்து பள்ளிவாசல் நோன்புக் கஞ்சி அங்கேதான் காய்கிறது, நீயும் வாளி பிடித்துக்கொண்டு அந்த வரிசையில் நின்றவன்தான். தலைப்பிறை கண்ட அன்று பள்ளி டிரஸ்டிமாரும் முஹம்மது ஹாஜியாரும் வீட்டுக்கு வந்தார்கள். இந்த வருஷம் கஞ்சி காய்ச்சும் கிடாரத்தைப் பள்ளிக்குப் பின்னால் வைப்போம் என்று வாப்பா சொன்னார், காரணத்தையும் விளக்கமாகச் சொன்னார். போர்ட்டில வாகனம் நிப்பாட்ட வேணாம் எண்டுதானே எழுதீக்கி தாஸிம், கிடாரத்துக்கு என்ன டயரா ஈக்கி என்று முஹம்மது ஹாஜியார் வாப்பாவிடம் கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். அஸருக்கும் மஹ்ரிபுக்கும் நடுவுல, பின்னேரத்துல கொஞ்ச நேரந்தானே என்று இன்னொருவர் சொன்னார், அல்லாஹ்ட வேலக்கி அல்லாஹ் பாதுகாப்பு என்று வேறொருவர் சொன்னார். எதிர்வீட்டு ஆஸியா உம்மா அதற்கும் மேலே போய், கஞ்சி நெருப்ப அணச்ச ஊட்டுக்காரி எண்டு பேரெடுக்கப் போறியா றம்லத் என்று என்னிடம் கேட்டுவிட்டுப் போனாள். த்ரீவீலர்காரனிடமும் லொறிக்காரனிடமும் முடியாது என்று சொன்ன மனுஷனுக்குத் தன் வாப்பாவின் நிய்யத்துக்கு முன்னால் அந்தச் சொல் வாயில் வரவில்லை. சரி, சுவரோரமா வைங்க என்று மட்டும் சொன்னார். கிடாரம் சுவரோரமாக வைக்கிற சாமானா மகன், அடுப்புக் கல்லை ஒழுங்கையின் நடுவில், அந்த மஞ்சள் வரிக்கு மேலேயே வைத்தார்கள். இரண்டு நோன்பிலேயே பெயின்ட் கொப்பளித்துக் கருகிப்போனது, அதை வாப்பா போகும்போதும் வரும்போதும் பார்த்துக்கொண்டே இருந்தார்.

போன கிழமை அஸர் தொழுது கொஞ்ச நேரத்தில் புடவைக் கடை ஸ்டோரில் கரண்ட் ஷோர்ட்டாகி நெருப்புப் பிடித்தது. நோன்பென்று டியூஷன் பகலோடு விட்டிருந்தது, அல்ஹம்துலில்லாஹ், அதை நினைக்காத நேரமில்லை. மேலே பாயிஸா மட்டும்தான், அவள் மகள் ஹபீலா ஏ.எல். வகுப்புக்குப் போயிருந்தாள். முன் படியெல்லாம் புகை. பாயிஸா பின் பக்கத்து இரும்புப் படியால் பாதி வரை இறங்கி வந்ததைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். அங்கே நின்று மேலே பார்த்துவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பவும் ஏறிவிட்டாள். ஊர்ப் பெருநாள் உடுப்பெல்லாம் அவள் அறையில்தானே தொங்குகிறது, அடுத்தவர் துணி எரிந்துபோனால் எப்படி முகத்தில் முழிப்பது என்று நினைத்திருப்பாள், அவள் அப்படிப்பட்டவள். தீயணைப்பு வண்டி பாலத்தைக் கடந்து பறந்துதான் வந்தது, அவர்கள் மேல் ஒரு குறையும் இல்லை. வந்து ஒழுங்கை வாசலில் நின்றுவிட்டது. உள்ளே விறகு எரிகிறது, கிடாரம் நிறையக் கஞ்சி கொதிக்கிறது, வாங்குப் பலகையும் மேசையும், வாளியோடு பெண்களும் பிள்ளைகளும். ஆட்கள் ஓடிவிட்டார்கள், வாங்கை இழுத்துவிட்டார்கள், கிடாரத்தை என்ன செய்வது. கொதிக்கிற கஞ்சியைக் கொட்டினால் கால் வைக்க ஏலாது, தூக்குவதற்குத் தடி கொண்டுவர ஒருவர் ஓடினார். உன் வாப்பா தடிக்குக் காத்திருக்கவில்லை மகன். வெறுங்கையால் கிடாரத்தின் இரண்டு காதையும் பிடித்து இழுத்தார். அது அசையவில்லை, அவரும் கையை எடுக்கவில்லை, இரண்டு பேர் சேர்ந்து பிய்த்து எடுத்தார்கள்.

கடைசியில் தீயணைப்புக்காரர்கள் ரோட்டிலேயே வண்டியை விட்டுவிட்டு குழாயை இழுத்துக்கொண்டு, ஏணியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடிப்போய்த்தான் பாயிஸாவை இறக்கினார்கள். இறக்கும்போது அவளுக்கு நினைவில்லை, ஆனால் ஒரு துணிப் பையை நெஞ்சோடு பிடித்திருந்தாள். கோடு அடிக்கச் சொன்ன அந்த மாத்தயாவும் வந்திருந்தார். வாப்பாவைக் கண்டார், கருகின கோட்டையும் கண்டார், ஒரு சொல்லும் சொல்லாமல் போய்விட்டார். ரெண்டு வார்த்த ஏசிட்டுப் போயிருக்கலாமே என்று வாப்பா அன்றைக்குச் சொன்னார். நோன்பு திறக்கப் பேரீச்சம்பழத்தை நான் வாயில் வைத்தால் மெல்லுகிறார், கஞ்சியைக் கண்டால் எழுந்து போகிறார். தினமும் ஆஸ்பத்திரிக்குப் போய் வார்டுக்கு வெளியே நின்றுவிட்டு வருகிறார், உள்ளே கால் வைப்பதில்லை. ஹபீலா இப்போது நம் வீட்டில், உன் அறையில்தான் படுக்கிறாள். அந்தப் பிள்ளை எங்களை ஒரு குறை சொல்லவில்லை, ஹாஜியார் மாமாவுக்குக் கை நோகுதா மாமி என்றுதான் கேட்கிறது, அதைக் கேட்டாலே வாப்பா முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். முஹம்மது ஹாஜியார் வந்து, எல்லாம் கத்ரு, அல்லாஹ்ட விதி தாஸிம் என்றார். கிடாரத்த வெச்சது நாங்க, அதுக்கும் அல்லாஹ்வா பொறுப்பு என்று வாப்பா கேட்டார், அவர் தலையைக் குனிந்துகொண்டு போனார். கஞ்சி இப்போது பள்ளிக்குப் பின்னால்தான் காய்கிறது. அங்கே இடம் இருக்கத்தான் செய்தது மகன், எனக்கு எரிகிறதே அதை நினைத்தால். வாப்பா பகல் முழுக்க ஒழுங்கை வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்து காவல் இருக்கிறார். உங்கட கதிரையும் கோட்டுக்குள்ளதான் ஈக்கிது என்று நேற்று விளையாட்டாகச் சொல்லிவிட்டேன், சிரிப்பார் என்று நினைத்தேன். எழுந்து, கட்டுப் போட்ட கையால் தூக்க முடியாமல் காலால் கதிரையைத் தள்ளித் தள்ளி வெளியே கொண்டுபோனார். எனக்கு ஏன்தான் சொன்னேன் என்றாகிவிட்டது.

நேற்று இந்த இடத்தில் அழுகை வந்து நிறுத்தினேன். இன்று மத்தியானம் லுஹர் தொழுகைக்குப் பிறகு ஹபீலா ஆஸ்பத்திரியிலிருந்து ஓடி வந்தாள். மெஷினைக் கழற்றிவிட்டார்களாம், பாயிஸாவுக்குத் தானாக மூச்சு வருகிறதாம். உயிருக்கு இனிப் பயமில்லை, ஆனால் நெஞ்சு பழைய மாதிரி ஆகாது, படியேறித் தொழில் செய்கிற வேலை இனி ஏலாது என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். குரலும் இல்லை, காற்று மட்டும்தான் வருகிறது. அந்தக் காற்றில் அவள் முதல் முதல் கேட்டது, மின்ஹாட சட்டைக்கி கொக்கி வெக்கல்ல, அனுப்பிட்டாங்களா என்பதுதான். பேத்திக்குப் பெருநாள் சட்டை தைக்கக் கொடுத்திருக்கிறேன் என்று உனக்குச் சொல்லியிருந்தேனே, அவள் நெஞ்சோடு பிடித்திருந்த பையில் இருந்தது அதுதான் மகன், அதுவும் இன்னும் இரண்டு பிள்ளைகளின் உடுப்பும். பெரிய ஆட்களுடையதை விட்டுவிட்டு சின்னப் பிள்ளைகளுடையதை மட்டும் அள்ளியிருக்கிறாள். நான் அந்தப் பையைத் திறக்க மனம் வராமல் அலுமாரிக்குள் வைத்திருந்தேன். ஹபீலா எடுத்து, உன் அறைக் கட்டிலில் உட்கார்ந்து கொக்கி வைத்தாள். வாப்பா வாசலில் நின்று அவள் தைத்து முடிக்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, உம்மாக்கு நம்மட கீழ்க் கடையில ஒரு பக்கத்தப் பிரிச்சுத் தாறன், படி ஏறத் தேவயில்ல எண்டு சொல்லு மகள் என்றார். அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்து அவர் பேசின முதல் பேச்சு அது. பாயிஸா சம்மதிப்பாளோ என்னவோ, அவள் மனதை யார் கண்டது.

உனக்குச் சொல்ல வேண்டியது இரண்டு மூன்று. போன் எடுத்தால் வாப்பாவுக்கு ஆறுதல் சொல்லாதே, கத்ரு என்று மறந்தும் சொல்லாதே. ஒழுங்கைக்குத் திரும்பக் கோடு அடிக்கிறதைப் பற்றிக் கேள், வாகனம் என்ற சொல்லை எடுத்துவிட்டு எதையும் வைக்க வேண்டாம் என்று பலகையை மாற்றி எழுதப் போகிறார், அதைப் பற்றிக் கேட்டால் பேசுவார். நீ இருக்கிற பிளாட் வீட்டில் படி எந்தப் பக்கம் இறங்குகிறது என்று இன்றைக்கே ஷஹ்மாவையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு நடந்து பார், மின்ஹாவின் சைக்கிளை வாசல் நடையில் வைத்திருப்பதை வீடியோவில் கண்டேன், அதை உள்ளே எடு. துஆவில் பாயிஸாவின் பெயரைச் சேர்த்துக்கொள். அல்லாஹ் உங்கள் மூன்று பேருக்கும் நீண்ட ஆயுளும் ஆபத்தில்லாத வீடும் தருவானாக, ஆமீன்.

சட்டையை இத்தோடு அனுப்புகிறேன். மூன்று தரம் கழுவி வெயிலில் போட்டேன், புகை மணம் போகவில்லை. பெருநாள் அன்று காலையில் அதையே மின்ஹாவுக்கு உடுத்தி, முதலில் ஹபீலாவின் போனுக்கு எடு, பாயிஸா பார்க்கக் காத்திருப்பாள். பிறகு வாப்பாவுக்கு எடு. மணக்குது எண்டு பிள்ளை சொல்லும், அந்த நேரம் அவளை வாப்பாவுக்குக் கேட்காத தூரத்தில் வைத்துக்கொள்.

என்றும் உன் நலம் கேட்கும்
உம்மா றம்லத்