தங்கச்சி மகளுக்குக் கட்டிய ஆந்தைக் காசு

7-2-2003, வெள்ளி.

இன்னிக்கு உடையார்பாளையத்துல தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் சீரா, அரைஞாண் கயித்துல கட்ட வேப்பங்கொட்டை அளவு வெள்ளிக்காசு ஒண்ணு கொண்டு போனேன். ஆலத்தியூர் சிமெண்ட் ஆலைக்கு வந்த கிரேக்க இன்ஜினியர், நான் கார் ஓட்டின அழகைப் பார்த்துக் கண்கலங்கிக் கொடுத்தது. அவரு ஊர்க் காசு. ரெண்டாயிரத்தைந்நூறு வருசப் பழசுன்னாரு. நான் பந்தல்ல மூவாயிரம்னு சொன்னேன்.

காசைத் திருப்பிப் பார்த்த தங்கச்சி மாமியார் கத்திடுச்சு. "ஏங்க தம்பி, பச்சப்புள்ளைக்கு ஆந்தையவா கட்டுவீங்க?"

பந்தலே திரும்பிப் பார்த்துச்சு. தங்கச்சி ஓடிவந்து, "எம் மானத்த வாங்காத, எடுத்துருண்ணே"ன்னா. கண்ணுல தண்ணி. மாமன் சீரைத் திருப்பி எடுத்துட்டா, அவ அந்த வூட்டுல எப்படித் தலைநிமிர்ந்து நிப்பா?

சட்டுனு சொன்னேன். "அத்தே, மறுபக்கம் பாருங்க. அந்த நாட்டுச் சரஸ்வதி. ஆந்தை அதோட வாகனம். இதைக் கட்டின புள்ளைங்க எல்லாம் அங்க கலெக்டர்." கலெக்டர் மட்டும் நானா சேர்த்தது.

அந்தம்மா ரொம்ப நேரம் உத்துப் பார்த்துச்சு. அப்புறம் தானே வாங்கிக் கட்டுச்சு. சாமி முகம் வெளியே, ஆந்தை புள்ளை வயித்தோட ஒட்டி.

"கலெக்டராகலேன்னா உங்க வூட்டு வாசல்ல வந்து உக்காந்துருவேன் தம்பி"ன்னுச்சு. பந்தலே சிரிச்சுது. தங்கச்சியும் சிரிச்சா.

உக்காரட்டும்.