மெமரியில்தான் தப்பு

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கப்பல் துறைமுகத்தில் நின்ற அன்று போனில், "அப்பா கணக்கு எப்படிப் போகுது?" என்று கேட்டாய். நன்றாகப் போகிறது என்றேன். உன் வீட்டு மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியைத் தாங்கப்போகும் உத்தரத்துக்கு அவர் இரண்டு தடவை கணக்குப் போட்டார், இரண்டு விடை வந்தது என்பதைச் சொல்லவில்லை. அவர் என் பக்கத்திலேயே நின்றிருந்தார். தப்பு என்ற சொல் என் வாயில் வந்திருந்தால், யாருடைய தப்பு என்று நீ கேட்டிருக்கவே மாட்டாய். "வயசாயிடுச்சு, அவருக்கு இனி எதுக்குக் கட்டட வேலை?" என்று முன்பே சொன்னவன் நீ.

அண்ணி நலம். பாப்பாவுக்குப் பல் முளைக்கிறது. எதைக் கண்டாலும் கடிக்கிறாள். தொட்டி வரும் இடத்துக்கு நேர் கீழே உள்ள அறையில்தான் அவளுடைய தொட்டில்.

கட்டடக் கணக்குப் போட வாங்கிய புதுக் கம்ப்யூட்டரை அப்பாவும் நானும் சேர்ந்து கோத்தோம். அதற்குள் செருகும் மெமரி அட்டையை வாங்கும்போதே கடைக்காரர் எச்சரித்தார். "ஒரே பெட்டியில வர்ற ஜோடியா வாங்குங்க சார். பழசும் புதுசும் தனித்தனியா தங்கம்தான், பக்கத்துல உக்காந்தா சண்டை. கட்டடக் கணக்குன்னா, பிழையத் தானே திருத்திக்கிற மெமரிகூட இருக்கு."

அப்பா சிரித்தார். "மெமரிக்கும் பொருத்தம் பாக்கணுமா? பிழை திருத்தத்தானே நான் இருக்கேன்!"

புதிதாக ஒன்று மட்டும் வாங்கினார். பழைய கம்ப்யூட்டரில் இருந்ததைக் கழற்றி அதன் பக்கத்தில் செருகினார். திரை உடனே உயிர்பெற்றது. கடைக்காரருக்குக் கேட்கும் என்பதுபோல, "பாத்தியா?" என்றார்.

உத்தரத்துக்குக் காலையில் ஐந்து கம்பி என்று வந்தது. மாலையில் மூன்று. முன்பென்றால் பென்சிலை எடுத்து உட்கார்ந்திருப்பார். இப்போது கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "காலையில நான்தான் எதையோ மாத்தி அடிச்சிருப்பேன்" என்று மூன்றுக்குக் கையெழுத்திட்டார்.

பழைய மெமரியைக் கழற்றிவிட்டு நான் அதே கணக்கைப் போட்டுப் பார்த்தேன். எத்தனை தடவை போட்டாலும் ஐந்துதான். ஓடிப்போய், "அப்பா, மெமரிலதான் தப்பு" என்றேன்.

அவர் தலையாட்டினார். "எனக்கே தெரியுதும்மா. அதனாலதான் மெஷின நம்புறேன்."

நான் சொன்னது எந்த மெமரியை என்று விளக்க விளக்க, அவர் என் தலையைத் தடவிக்கொடுத்தார். ஆறுதல் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டார்.

மேஸ்திரியிடமும் போனேன். "பெரியவர் கையெழுத்து இருக்கேம்மா. அவர் மாத்தணும், இல்ல வீட்டுக்காரர் சொல்லணும்" என்றார். அண்ணியோ, "மாமா கணக்குல தப்பா? உனக்கு வேற வேலை இல்ல" என்று சிரித்தாள்.

வீட்டுக்காரன் நீ. நடுக்கடலில் போனுக்கு சிக்னல் கிடைக்காது. கப்பலுக்கு மின்னஞ்சல் வரும் என்றாயே, அதை நம்பி இதை அனுப்புகிறேன். பார்த்ததும் வேலையை நிறுத்தச் சொல்லி மேஸ்திரிக்கு ஒரு வரி எழுது. அப்பாவிடம் கம்ப்யூட்டர் பழுது என்று மட்டும் சொல். மெமரி என்ற சொல்லை எடுக்காதே. கடல் உன்னிடம் கனிவாக இருக்கட்டும்.

உன் தங்கை

அண்ணா, முந்தைய மின்னஞ்சலுக்கு உன்னிடமிருந்து இன்னும் பதில் இல்லை. இன்று காலை கான்கிரீட் போட்டுவிட்டார்கள். உள்ளே மூன்று கம்பி.