கழுவி வரும் டப்பா

அன்புள்ள மாமா,

உடம்பைக் குறைக்கச் செய்த இரைப்பை ஆபரேஷனுக்குப் பிறகு வேகமாகக் குறைந்துவந்த உங்கள் எடை இப்போது குறையாமல் நிற்கிறது. சில மாதங்களில் அப்படித்தான் ஆகும் என்றார் டாக்டர். நானும் நம்பினேன்.

ஆனால் குத்தகைத் தகராறு என்று நீங்கள் கீழ்வேளூர் வயலுக்குப் போகும் நாட்களில், நான் கட்டித்தரும் சாப்பாட்டு டப்பா கழுவி வருகிறது. கேட்டால், "பம்புசெட்டுல நானே கழுவினேன்டி, இதுக்கும் சந்தேகமா?" என்று சிரிக்கிறீர்கள். கல்யாணமான நாள் முதல் சாப்பிட்ட தட்டை நகர்த்தாதவர் நீங்கள். பம்புசெட்டில் எலுமிச்சை சோப்பு வாசனை ஏது?

இதை டப்பாவுக்குள் வைக்கிறேன். முதலில் திறப்பது யாரோ, அவருக்கும் சொல்கிறேன். சோறு வேண்டாம், முட்டையோ மீனோ கொடுங்கள். சாப்பிடும்போது தண்ணீர் தராதீர்கள். அவசரமாக விழுங்கினால் வாந்தி வரும். பக்கத்திலேயே உட்கார்ந்து, மென்று தின்னச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
இங்கே டப்பா கட்டுபவள்